வெந்நீருக்கு லைன் கிளியர்

இரும்புலியூர் ஞானையா வீட்டில் மூன்று வெந்நீர்க் குழாய்கள். மாடிக் குளியலறையில் ஒன்று, கீழ்க் குளியலறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் தாம்பரம் வட்டாரத்தில் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் வீடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால் ஜெயசீலியைப் பெண் கேட்டுப் பாளையங்கோட்டைக்குப் போனபோது, மகன் வேதசிரோமணியின் உத்தியோகத்தைச் சொல்வதற்கு முன்பே ஞானையா குழாய்களைப் பற்றிச் சொல்லிவிட்டார். ஜெயசீலியின் அப்பாவும், பெண் போகிற இடத்தில் குளிருக்குக் கஷ்டப்பட மாட்டாள் என்று மனம் குளிர்ந்து தலையாட்டிவிட்டார்.

கல்யாணமாகி வந்த இரண்டாம் நாளே ஜெயசீலிக்கு விஷயம் விளங்கிவிட்டது. மூன்று குழாய் இருப்பது சத்தியம். மூன்றிலும் வெந்நீர் வரும் என்பதும் சத்தியம். ஒரே நேரத்தில் வராது என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. மாடியில் ஒருவர் குளித்துக்கொண்டிருக்கும்போது சமையலறையில் யாராவது பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால், மாடிக் குழாய் சொட்டுச் சொட்டாக அழ ஆரம்பிக்கும். கீழ்க் குளியலறையிலும் திறந்துவிட்டால் அந்த அழுகையும் நின்றுபோகும். கொல்லையில் செங்கல் அடுப்பின் மேல் செம்புப் பாய்லர் வயிறு நிறையத் தண்ணீரோடு கொதித்துக்கொண்டுதான் இருக்கும். மொட்டைமாடித் தொட்டியும் நிரம்பித்தான் இருக்கும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தக் கதைதான்.

ஞானையா முப்பத்திரண்டு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பாதி சர்வீஸ், ஒற்றைத் தண்டவாளம் ஓடும் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில். ஒற்றை லைனில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது அல்லவா? அதற்கு டோக்கன் என்று ஒன்று உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கிற அந்த டோக்கன் கைக்கு வராமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்த மாட்டார். ஒருநாள் வேதசிரோமணி தலை நிறையச் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு மாடிப்படியில் நின்று, "யாரு கீழே குழாயைத் தொறந்தது?" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கே ஞானையா வீட்டுக்குள் டோக்கன் முறையைக் கொண்டுவந்தார். இதெல்லாம் ஜெயசீலி வருவதற்கு நான்கு வருஷத்துக்கு முந்திய கதை.

டோக்கன் என்பது பழைய இரும்புக் கட்டிலிலிருந்து கழற்றிய பித்தளைக் குமிழ். எலுமிச்சம்பழ அளவு இருக்கும். ஞானையாவின் மேஜைமேல் உட்கார்ந்திருக்கும். அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வெந்நீர்க் குழாயைத் திறக்கலாம். முடித்ததும் கொண்டுவந்து அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "லைன் கிளியர்" என்று அடுத்தவரிடம் கொடுப்பார். பித்தளைக் குமிழில் என்னத்தைப் பார்ப்பாரோ, ஆனால் பார்க்காமல் கொடுத்ததில்லை.

வண்டிகளின் வரிசையும் அவர் போட்டதுதான். அவர் மெயில். மாமியார் ரத்தினபாய் எக்ஸ்பிரஸ். பீச் ஸ்டேஷனுக்கு எலக்ட்ரிக் ரயில் பிடிக்க வேண்டிய வேதசிரோமணி பாசஞ்சர். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் தபீதாள் லோக்கல். புதிதாக வந்த ஜெயசீலி கடைசி.

"நீ கூட்ஸும்மா," என்றார் ஞானையா. "கூட்ஸ் வண்டின்னா குறைச்சல்னு நினைக்காதே. நாட்டுக்கே சோறு போடறது அதான்."

ஜெயசீலி வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்கு இந்த வீடு பிடித்திருந்தது. கூடுவாஞ்சேரி பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, ரயில் ஓட்டுகிற மாமனார் ஒரு நல்ல வேடிக்கைதான். ஒரே ஒரு சங்கடம், கூட்ஸ் வண்டி கிளம்புகிற நேரத்துக்கு அடுப்பு அணைந்து பாய்லர் ஆறிப்போயிருக்கும். வருகிற தண்ணீரும் நூல் மாதிரி வரும். வாளி நிறைவதற்குள் பள்ளிக்கூடத்து மணி அடித்துவிடும். எனவே பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர்தான். தினமும் அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வரும்போது ரத்தினபாய் கேட்பாள்.

"சூடா இருந்துச்சாம்மா?"

"சூடாத்தான் இருந்துச்சு அத்தை."

சித்திரை வைகாசியில் அந்தப் பொய் சுகமாகவே இருந்தது. ஐப்பசி பிறந்ததும் பல் கிட்ட ஆரம்பித்தது. ஒருநாள் துணிந்து ஸ்டவ்வில் ஒரு குண்டான் தண்ணீர் வைத்தாள். ஞானையா அதைப் பார்த்தார். அன்று காலை இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். மூன்று வெந்நீர்க் குழாய் இருக்கிற வீட்டில் மருமகள் குண்டானில் வெந்நீர் போடுகிறாள் என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? ஜெயசீலி மறுநாள் முதல் குண்டானைத் தொடவில்லை.

அவள் கேட்டும் பார்த்தாள். "மாமா, பச்சைத் தண்ணிக் குழாயும் அதே தொட்டிதானே? அது மட்டும் எப்படி இவ்வளவு வேகமா கொட்டுது?"

"தண்ணி சூடானா இளகிடும்மா," என்றார் ஞானையா. "இளகினா வேகம் குறைஞ்சிடும்."

பத்தாம் வகுப்புப் பையன் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் ஜெயசீலி சிவப்பு மையால் அடித்திருப்பாள். மாமனாரை அடிக்க முடியுமா? "அப்படியா மாமா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடிய சங்கதிதான். ஆனால் ஜெயசீலிக்குப் பாட்டு என்றால் உயிர். தாம்பரம் வேதக்கோயிலில் பாட்டுக் குழுவை நடத்தும் சுந்தர்சிங் சார், அவள் குரலைக் கேட்டதுமே, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு அவளைத் தனியாகப் பாடச் சொன்னார். அன்று விடியற்காலை தலைக்குக் குளித்துவிட்டுப் போனாள். வழக்கம்போல் கூட்ஸ் வண்டித் தண்ணீர். கோயிலில் எழுந்து நின்று வாயைத் திறந்தாள், தவளைச் சத்தம்தான் வந்தது. இரண்டாவது அடியில் அதுவும் நின்றது. முன்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. சபை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. ஜெயசீலி அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுத அழுகை வேதசிரோமணிக்கு மட்டும் தெரியும். தொண்டை கட்டியது எதனால் என்று அவனிடம்கூட அவள் சொல்லவில்லை.

சுந்தர்சிங் சார் நல்ல மனுஷன். கிறிஸ்துமஸ் விடியற்காலை ஆராதனைக்கு மறுபடியும் அவளையே போட்டார். வாத்தியம் எதுவும் இல்லாமல் முதல் சரணம் அவள் தனியாகப் பாட வேண்டும். "இந்தத் தடவையும் தொண்டை கட்டிக்கிச்சுன்னா, அடுத்த வருஷத்துலேர்ந்து நீ பின்வரிசைதாம்மா. நான் என்ன பண்றது, கமிட்டியில கேக்கறாங்க," என்றும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜெயசீலிக்கு மிளகுப்பால்தான் ராச்சாப்பாடு.

கிறிஸ்துமஸுக்கு முதல்நாள் ஞானையா வீட்டாரைக் கூட்டி ஸ்பெஷல் டைம்டேபிள் வாசித்தார். ஆராதனை ஐந்து மணிக்கு. மூன்றரைக்கு அவர் குளிப்பார், ஏனென்றால் கோயிலைத் திறந்து மணியடிக்கும் பொறுப்பு அவருடையது.

"அடுத்தது ஜெயசீலி," என்றார். "நாளைக்கு நம்ம வீட்டு மெயில் அதுதான். மத்த வண்டியெல்லாம் லூப்புல ஒதுங்கி நிக்கட்டும்."

எட்டு மாசத்தில் முதல்முறையாகச் சூடான தண்ணீர். ஜெயசீலிக்கு அப்போதே தொண்டை திறந்துகொண்டது போலிருந்தது.

மறுநாள் நாலு மணிக்கு அவள் துண்டோடு மாமனாரின் மேஜைக்கு வந்தாள். மேஜைமேல் குமிழ் இல்லை. கீழே விழுந்திருக்கும் என்று குனிந்து தேடினாள். ரத்தினபாய் அலமாரியில் தேடினாள். தபீதாள் குளியலறையில் தேடினாள். கூடத்தில் கிறிஸ்துமஸ் மரமாக நட்டு வைத்திருந்த சவுக்குக் கிளையின் அடியில், ஜிகினாத் தாள்களுக்கு நடுவே வேதசிரோமணி தேடினான். நாலு பேரும் தேடி முடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோதுதான் புரிந்தது. குளித்துவிட்டு வந்த ஞானையா, மணியடிக்கிற அவசரத்தில் டோக்கனைத் தன் கறுப்புக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, வீட்டில் இருந்த ஒரே சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இந்த இடத்தில் உலகத்தில் வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் குழாயைத் திறந்து குளித்திருக்கும். இவர்கள் துண்டோடு வரிசையாக நின்றார்கள்.

"திறந்தா என்ன அத்தை?" என்று ஜெயசீலி மெதுவாகக் கேட்டாள்.

"டோக்கன் இல்லாமலா?" ரத்தினபாய் நெஞ்சில் கை வைத்தாள். "முப்பது வருஷம் ஸ்டேஷன் குவார்ட்டர்ஸ்ல இருந்திருக்கேன். டோக்கன் இல்லாம ஒரு டிராலிகூடக் கிளம்பினதில்ல."

"நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றான் வேதசிரோமணி. சொன்னவன் லுங்கியும் ஸ்வெட்டருமாக, தோளில் துண்டோடு அப்படியே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்து ஓடினான். நல்ல மனசுதான். ஆனால் கோயிலுக்கு ஓடிப் போகவே இருபது நிமிஷம், திரும்பி வர இருபது நிமிஷம். வந்து, குளித்து, மறுபடியும் கோயிலுக்கு நடந்தால் ஆராதனை பாதி முடிந்திருக்கும். ஜெயசீலி கணக்குப் போட்டுப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போய்த் தவளையாக நிற்கலாம். குளிக்காமல் பண்டிகைக்குப் போகலாம், அது மாமியார் உயிரோடு இருக்கும்வரை நடக்காது. ரத்தினபாய் சம்மதித்து ஒரு குழாயைத் திறந்தாலும், நூல் மாதிரி வருகிற தண்ணீரில் மூன்று பேர் குளித்து நாலரைக்குக் கிளம்ப முடியாது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில், எட்டு மாசமாக மாமனாருக்காக அடக்கி வைத்திருந்த பௌதிகமும் சேர்ந்து வந்தது. ஒரே தொட்டி, ஒரே உயரம். பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது, வெந்நீர் கொட்டவில்லை. அப்படியானால் தொட்டிக்கும் பாய்லருக்கும் நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. சூடானால் இளகுமாம், இளகினால் வேகம் குறையுமாம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். மார்கழிப் பனியில் தரை சில்லென்றிருந்தது. தொட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் இறங்கின. ஒன்று பச்சைத் தண்ணீருக்கு, மற்றது பாய்லருக்கு. பாய்லர் குழாயில் ஒரு சின்னச் சக்கரம் வைத்த வால்வு இருந்தது. சிக்னல் சிவப்பில் தடிமனாகப் பெயிண்ட் அடித்திருந்தது. பக்கத்துச் சுவரில் ஞானையாவின் கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதியிருந்தது. துணி காயப்போட வரும்போதெல்லாம் அவள் பார்த்ததுதான். ஸ்டேஷன் மாஸ்டர் தொடாதே என்றால் தொடக்கூடாது என்று அவளும் விட்டுவிட்டாள். எட்டு மாசத்தில் அவளும் இந்த வீட்டு வண்டியாகிவிட்டாள், வேறென்ன.

சக்கரத்தைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். பெயிண்ட் இறுகி அசைய மறுத்தது. துண்டைச் சுற்றித் திருப்பினாள். நகரவில்லை. கீழே ஓடி அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?" என்று தபீதாள் பின்னாலேயே வந்தாள்.

"லைன் கிளியர் பண்றேன்," என்றாள் ஜெயசீலி. "டார்ச்சைப் பிடி."

குழவியால் நாலு தட்டுத் தட்டினாள். சிவப்புப் பெயிண்ட் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. ஐந்தாவது தட்டுக்குச் சக்கரம் அசைந்தது. அப்புறம் கையாலேயே சுற்ற முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு சுற்று வரை போய் நின்றது. குழாய்க்குள் குபுகுபு என்று தண்ணீர் இறங்குகிற சத்தம் இருவருக்கும் கேட்டது. தபீதாள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு அண்ணியைக் கட்டிக்கொண்டாள்.

ஜெயசீலி சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்தாள். ரத்தினபாய் கண்ணை மூடிக்கொண்டாள். மாடிக் குழாயையும் கீழ்க் குழாயையும் தபீதாள் ஓடி ஓடித் திறந்துவிட்டாள். மூன்றும் கொட்டின. பீரிட்டுக்கொண்டு, ஆவி பறக்க, பக்கெட்டில் அடித்துத் தெறிக்கக் கொட்டின. ரத்தினபாய் கையை நீட்டிப் பார்த்து, "ஆண்டவரே" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"அத்தை, டோக்கன் ஒத்தை லைனுக்குத்தானே? இப்ப மூணு லைன் ஆயிடுச்சு."

ரத்தினபாய் ஒரு நிமிஷம் யோசித்தாள். "மூணு லைன்னா டோக்கன் தேவையில்லதான்," என்றாள். முப்பது வருஷ அனுபவம் பேசியது.

அப்புறம் அந்த வீட்டில் நடந்தது பண்டிகைக்கு முந்திய பண்டிகை. மாடியில் ஜெயசீலி, கீழே தபீதாள். ஒரே நேரத்தில் இருவரும் குளித்தார்கள், ஒருவருக்கும் தண்ணீர் குறையவில்லை. தபீதாள் கீழேயிருந்து கத்திப் பாடினாள், ஜெயசீலி மேலேயிருந்து பதில் பாடினாள். ரத்தினபாய்க்குச் சமையலறையில் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாகவே நின்றாள். அப்புறம் தன் முறைக்கு அவளும் குளித்தாள். தலை வழியே சூடான தண்ணீர் இறங்கியபோது ஜெயசீலிக்குத் தோன்றியது, எட்டு மாசமாக இந்த உடம்பு சுருங்கியே இருந்திருக்கிறது என்று. நாலு முப்பத்தைந்துக்கு மூன்று பெண்களும் புதுச் சேலையில், ஈரத் தலையோடு, ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள்.

கோயிலில் கடைசி பெஞ்சில் வேதசிரோமணி லுங்கியோடு உட்கார்ந்திருந்தான். அவன் ஓடி வந்து சேர்ந்தபோது ஞானையா போதகரோடு பின்னறையில் ஜெபத்தில் இருந்தாராம். ஜெபத்தில் இருப்பவரிடம் கட்டில் குமிழ் கேட்க முடியுமா? வாசலில் காத்துக்கொண்டு நின்றவனை ஆராதனைக்கு நேரமானதும் உள்ளே தள்ளிவிட்டார்கள். ஸ்வெட்டரை முட்டிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சுந்தர்சிங் சார் கையை உயர்த்தினார். ஜெயசீலி எழுந்து நின்றாள். அறுப்பின் பண்டிகையில் சிரித்த அதே குழந்தை முன்வரிசையில் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள், குரல் வந்தது. தங்குதடையில்லாமல், அவள் நினைத்த இடத்துக்கெல்லாம் போய் வந்தது. இரண்டாவது அடியில் சபை மூச்சுக் காட்டாமல் கேட்டது. குழந்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

மூன்றாவது அடியில் ஞானையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டைக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். வெளியே வந்தது பித்தளைக் குமிழ். டியூப்லைட் வெளிச்சத்தில் அது பளிச்சென்று மின்னியது ஜெயசீலிக்கு நன்றாகத் தெரிந்தது. மாமனார் குமிழைப் பார்த்தார். பிறகு அவளுடைய ஈரத் தலையைப் பார்த்தார். முகம் அப்படியே விழுந்துவிட்டது. தொலைந்தோம், டோக்கன் இல்லாமல் வண்டி எடுத்ததைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே கடைசி அடியைப் பாடி முடித்தாள்.

ஆராதனை முடிந்ததும் சனம் அவளைச் சூழ்ந்துகொண்டது. எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஞானையா வந்தார். குமிழை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நான் பாவி. டோக்கனைக் கொண்டுவந்துட்டேன். நீ பச்சைத் தண்ணியில குளிச்சிட்டு வந்து பாடினியாம்மா?"

கோபம் இல்லை அது என்று அப்போதுதான் ஜெயசீலிக்குப் புரிந்தது.

"இல்ல மாமா. வெந்நீர்லதான். நானும் தபீதாளும் ஒரே நேரத்துல. அத்தை சமையலறையிலயும் திறந்து வச்சிருந்தாங்க."

"மூணு குழாயுமா?"

"மாடியில அந்தச் சிவப்புச் சக்கரத்தைத் திறந்தேன் மாமா. ஆறு சுத்து மூடியிருந்தது. தொடாதேன்னு எழுதியிருந்தீங்க. தொட்டுட்டேன்."

ஞானையா தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"புதுசா தண்டவாளம் போட்டா, முதல்ல கொஞ்ச நாள் வண்டியை மெதுவாத்தான் விடணும்மா. அதுக்குக் காஷன் ஆர்டர்னு பேரு. குழாய் போட்ட அன்னைக்கு பிளம்பர் ஜலால் கேட்டான், 'இன்னா சார், ஃபுல்லா தொறந்து வுட்டுடட்டா?'ன்னு. நான்தான், புது லைன், பத்து நாள் மெதுவாப் போகட்டும், அப்புறம் நானே தொறக்கறேன்னு ஒரு சுத்து மட்டும் விடச் சொன்னேன். யாரும் தொட்டுடக் கூடாதுன்னு பெயிண்டும் அடிச்சேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "காஷன் ஆர்டர் போட்டவன் எடுக்க மறந்துட்டேன்."

ஜெயசீலி உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். லுங்கியோடு வந்து நின்ற வேதசிரோமணி சிரித்தான். கடைசியில் ஞானையாவே தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு, "அப்போ இந்த எட்டு மாசமா உனக்குத் தண்ணி எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். அவள் குமிழை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அதைச் சவுக்குக் கிளையின் உச்சியில், நட்சத்திரத்துக்குக் கீழே நூல் கட்டித் தொங்கவிட்டாள். அன்று மத்தியானம் பிரியாணிக்கு ஜலாலையும் கூப்பிட்டனுப்பி, ஞானையா தன் வாயாலேயே கதையைச் சொன்னார்.

மறுநாள் காலை மூன்று குழாய்களும் ஒன்றாக ஓடின. யாருக்கும் வரிசை இல்லை. ஜெயசீலி குளித்துவிட்டு வந்தபோது மாமனார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க குளிக்கலையா மாமா?"

"எல்லாரும் போகட்டும். இன்னையிலேர்ந்து நான்தான் கூட்ஸ்."

சொன்னால் கேட்கிற ஆளா? கடைசியில்தான் போனார். மூன்று குழாயும் முழுவேகத்தில் கொட்டினால் பாய்லரில் சூடு எவ்வளவு நேரம் தாங்கும் என்று அந்த வீட்டில் யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை, பௌதிக டீச்சர் உட்பட. கொஞ்ச நேரத்தில் ஞானையா வெளியே வந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பல் தந்தியடித்தது.

"சூடா இருந்துச்சா?" என்று ரத்தினபாய் வழக்கம்போலக் கேட்டாள்.

ஞானையா மருமகளை ஒருமுறை பார்த்தார்.

"சூடாத்தான் இருந்துச்சு," என்றார்.

ஜெயசீலி கொல்லைக்குப் போய் அடுப்பில் இரண்டு கட்டையைக் கூடுதலாகச் செருகிவிட்டு, மாமாவுக்குக் காப்பி கலக்க உள்ளே வந்தாள்.